கடைமடைக்கு வந்திருக்கும் டாக்டர்களுக்கு: இருங்கெளுத்தி குத்து பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவ அலுவலர்களுக்கு,

வணக்கம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கோடியக்கரை, தரங்கம்பாடி, பழையாறு, பிச்சாவரம் என்று காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் ஊர்களைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் சேலம், கோவை, மதுரைப் பக்கத்துக்காரர்கள். கலந்தாய்வில் இந்த ஊர் கிடைத்து வந்திருப்பீர்கள். பாம்புக்கடி, தேள்கடி, நாய்க்கடி எல்லாம் நன்றாகப் படித்திருப்பீர்கள். எங்கள் சேற்றுக்குள் இன்னொன்று இருக்கிறது, இருங்கெளுத்தி என்ற நஞ்சு முள் மீன். அதற்குப் பாடப்புத்தகத்தில் எத்தனை வரி ஒதுக்கியிருப்பார்களோ, எனக்குச் சந்தேகம்தான்.

நான் டாக்டர் இல்லை. லகூனை, அதாவது கடலோர உப்பங்கழியை, ஒட்டிய கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இரவெல்லாம் வலை போட்டவர்கள் கரையேறும் நேரம் என்பதால் விடியற்காலையிலேயே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். உங்களிடம் வராத நோயாளிகள் என்னிடம் வருகிறார்கள் என்பதுதான் இந்த மடலை எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி. ஒரு காலைத் தரையில் ஊன்றாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, வலிக்கு எதாச்சும் குடுங்க, இல்ல ஒரு ஊசிய போட்டு வுடுங்க" என்பார்கள். ஊசி போட எனக்கு அனுமதி இல்லை என்றால் கோபம் வரும். என்ன குத்தியது என்று கேட்டால் "இருங்கெளுத்திதான்" என்பார்கள், முள்ளங்கி விலை கேட்டதற்குப் பதில் சொல்கிற தொனியில். அந்தத் தொனிதான் என் கவலை. இங்கே அது ஒரு விபத்தாகவே கணக்கில்லை.

முதலில் மீனைச் சொல்லிவிடுகிறேன். பார்த்திராதவர்கள் ஒருநாள் காலை மீன் இறங்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். முன்பாதி கெளுத்தி, பின்பாதி விலாங்கு. முதுகின் பின்பகுதியில் தொடங்கும் துடுப்பும் வயிற்றடித் துடுப்பும் வாலைச் சுற்றி ஒன்றாகச் சேர்ந்து, கூர்மையாக முடியும். செதில் கிடையாது. சாம்பலும் கருமையும் கலந்த வழவழப்பான தோல். வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள். நன்கு வளர்ந்தால் ஒன்றரை மீட்டர் வரை போகும் என்கிறார்கள். நம் கரைக்கு வருவது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. இதற்குப் புளோட்டோசஸ் கேனியஸ் என்று அறிவியல் பெயர் கொடுத்து 1822-இல் விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். கங்கையில் பார்த்து எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்த ஸ்காட்லாந்து டாக்டர் அவர். உங்கள் தொழிலில் முன்னோடி ஒருவர் இருநூறு வருடம் முன்பே இந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தியாவிலிருந்து வங்கதேசம், மியான்மர், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூ கினி வரை கழிமுகங்கள் எங்கும் இது உண்டு. ஐப்பசி கார்த்திகையில் பாமினியாறும் கோரையாறும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரிலும் இருக்கும். சித்திரை வெயிலில் கடல்நீரைவிட உப்பேறிப்போகும் லகூனிலும் இருக்கும். குதத்துக்குப் பக்கத்தில் கிளைகிளையாக ஓர் உறுப்பு உண்டு, உடம்பில் சேரும் உப்பை வெளியே தள்ளுவதற்கு. பகலில் அலையாத்தி வேர்களுக்கு அடியிலும் சேற்றுப் பொந்துகளிலும் கிடக்கும். இருட்டிய பிறகு இறால், நண்டு, சிப்பி, சிறு மீன் என்று தரையைத் துழாவித் தின்னும். இதன் ஜப்பானிய உறவுக்கார மீன் ஒன்றை வைத்து 2014-இல் ஆய்வு செய்திருக்கிறார்கள். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புழு மூச்சுவிடும்போது தண்ணீரின் அமிலத்தன்மை துளியூண்டு மாறுமே, அதை மீசையாலேயே கண்டுபிடித்துவிடுகிறதாம். கண்ணே தேவையில்லாத வேட்டை.

இப்படிப்பட்ட மீன் மனிதனைத் தேடி வந்து குத்தாது. நாம்தான் போய் மிதிக்கிறோம், பிடிக்கிறோம். முதுகில் ஒன்று, கன்னத்துக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொன்று, ஆக மூன்று முட்கள். பயந்தால் மூன்றையும் விறைத்து நிமிர்த்தி, எலும்புப் பூட்டால் பூட்டிக்கொள்ளும். மடக்க நினைத்தாலும் மடங்காது. முள்ளின் ஓரங்களில் அரம்போலப் பற்கள். பாம்புக்கு இருப்பதுபோல நஞ்சை உள்ளே செலுத்தும் குழாய் எதுவும் இதில் கிடையாது. முள்ளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலில்தான் நஞ்சு அணுக்கள். முள் சதையில் இறங்கும்போது அந்தத் தோல் கிழிந்து நஞ்சு காயத்துக்குள் கலக்கிறது. இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது, மீன் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐஸ் பெட்டியில் கிடக்கும் மீனும் குத்தும். வத்தையில் (சிறு படகில்) வைத்தே குறடால் ஒடித்துக் கரையில் வீசிய முள்ளும் குத்தும். எங்கள் தெருப் பிள்ளைகள் செருப்பில்லாமல் பந்து விளையாடும் மணல்மேட்டில் அந்த முட்கள்தான் கிடக்கின்றன.

கெளுத்தி இனங்களில் குறைந்தது 1,250 நஞ்சுள்ளவை என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நஞ்சுள்ள பாம்பினங்களைவிட இது அதிகம். நம் வயலிலும் குளத்திலும் வாய்க்காலிலும் இருக்கும் தேளியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே கடற்கரையிலிருந்து தள்ளி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி உட்பகுதியில் இருக்கும் டாக்டர்களும் "இது மீனவர் பிரச்சினை" என்று இந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டாம். நடவு வயலில் தேளி குத்திய பெண்கள் உங்களிடம் "என்னமோ குத்திருச்சு" என்று மட்டும் சொல்வார்கள்.

குத்து வாங்கியவரின் நிலை எப்படி இருக்கும்? அடுத்த நொடியே வலி. எரிச்சலும் குடைச்சலும் சேர்ந்து, கையில் குத்தினால் அக்குள் வரை, காலில் குத்தினால் தொடையிடுக்கு வரை ஏறும். வீக்கம், சிவப்பு, சில சமயம் குத்திய இடம் வெளுத்து நீலம் பாய்வது. வியர்வை, குமட்டல், தலைசுற்றல், சதைத் துடிப்பு. வலி சில மணி நேரத்திலும் போகலாம், இரண்டு நாளும் இருக்கலாம். கொல்கத்தாவில் 1990-களில் இந்த மீனின் நஞ்சிலிருந்து ஒரு புரத நச்சைப் பிரித்தெடுத்து, அது ஆய்வகத்து விலங்குகளின் இதயத்தையும் நரம்புத்தசை இணைப்பையும் தாக்குவதாகக் காட்டினார்கள். ஆளைக் கொல்வது அரிது. ஆனால் நல்ல உடற்கட்டுள்ள வலைக்காரர்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். முதலில் வெந்நீர்.

குத்திய கையையோ காலையோ 40-லிருந்து 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள தண்ணீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். இது பாட்டி வைத்தியம் இல்லை. திருக்கை, கல்மீன், சிங்கமீன், கெளுத்தி என்று முள்ளில் நஞ்சு வைத்திருக்கும் எந்த மீன் குத்தினாலும் உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் முதலில் செய்வது இதுதான். இந்த நஞ்சுகள் புரதம், சூட்டில் சிதையும். சூடு நஞ்சைக் கெடுப்பதால் வலி குறைகிறதா, நரம்பு வலியைக் கடத்தும் விதத்தை மாற்றுவதால் குறைகிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. வலி குறைகிறது என்பதில் வாதம் இல்லை. அதே சூடு இன்னும் கடுமையாகப் பட்டுத்தான், குழம்பில் கொதித்த இருங்கெளுத்தி ருசியான மீனாக மட்டும் மிஞ்சுகிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை. சூட்டை, குத்து வாங்காத கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். சர்க்கரை நோயாளிக்குக் கை காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் கைவிட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விடாதீர்கள். அது 42 டிகிரிக்குமேல் காட்டாது. தண்ணீர்ச் சூடு பார்க்கும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று, ஒரு வாளி, தண்ணீர் காய்ச்ச ஒரு கெட்டில், இவ்வளவுதான் உபகரணம். உங்கள் நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் கைப்பிடி விலைகூட வராது.

நிலையத்துக்கு வருமுன் கரையிலேயே இது தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது. மீன் இறங்கும் இடம் எதை எடுத்தாலும் விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே ஒரு டீக்கடை திறந்திருக்கும். கொதிக்கும் தண்ணீர் எந்நேரமும் பாய்லரில் உண்டு. ஒரு மக் கொதிநீருக்கு நான்கு மக் சாதாரணத் தண்ணீர் கலந்தால் நம் ஊர் வெப்பநிலையில் 42 டிகிரியை ஒட்டி வரும். ஆறிவிட்டால் காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் மறுபடி கொதிநீர் ஊற்ற வேண்டும். டீ மாஸ்டருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? அவரைவிடத் துல்லியமாகச் சூடு தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை.

இப்போது கரையில் நடப்பது வேறு. கணுக்காலுக்கு மேல் வலைக்கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். பிளேடால் கீறி ரத்தத்தைப் பிதுக்குகிறார்கள். சுண்ணாம்பு தடவுகிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், பீடி நெருப்பை வைக்கிறார்கள். அந்த மீனின் கோழையையே எடுத்துக் காயத்தில் தடவியவர்களும் உண்டு, அதைக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன். கயிறு கட்டுவதும் கீறுவதும்தான் பெரிய கேடு. அடுப்பு மணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கும் பழக்கம் சில கிழவிகளிடம் பார்த்தேன். எல்லாக் கைவைத்தியத்திலும் அது ஒன்றுதான் சரியான திசையில் இருக்கிறது. சூடு எவ்வளவு என்று அளக்க முடியாததால் தோல் வெந்துவிடும் ஆபத்து உண்டு, அவ்வளவே.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எது குத்தியது என்று பார்க்காதவரை அது பாம்பு இல்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. இருட்டு, இடுப்பளவு கலங்கல் தண்ணீர், காலில் சுருக்கென்று ஒன்று. கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. கடல்பாம்புக் கடியும் பெரும்பாலும் அப்படித்தான், பிறகுதான் சதைவலியும் கறுத்த சிறுநீரும். கெளுத்தி குத்து எடுத்த எடுப்பிலேயே கத்தவைக்கும். பெரும்பாலும் ஒற்றைப் புண், ரத்தம் நன்றாக வழியும். வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் பாம்பாகவே வைத்துக் கவனியுங்கள், நல்லது. ஆனால் மீன்தான் என்று உறுதியான பிறகும் வாளித் தண்ணீர் வைக்காமல், பாம்புக்கு வைப்பதுபோல இருபத்துநான்கு மணி நேரம் வெறுமனே படுக்கவைத்து, வலிக்கு ஒரு ஊசியோடு அனுப்பிய சம்பவங்களை என் கடைக்கு வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதுவது நோக்கமில்லை. பாம்பு நஞ்சுமுறி மருந்து இதற்கு வேலை செய்யாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்குத்தான் அது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நஞ்சுமுறி மருந்து செய்யத் தேவையான பாம்பு நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். நாட்டுக்கே பாம்புக்கடி மருந்துக்கு வழிசெய்யும் அதே இருளர் சமூகத்துப் பெண்கள்தான் கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக் கால்வாய்களில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தரையைத் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் சேற்றுக்குள். வலை இல்லை, வத்தை இல்லை. கெளுத்தியின் வீட்டுக்குள்ளேயே கையை விடும் தொழில் அது. குத்து வாங்காத விரல் அவர்களில் யாருக்காவது இருக்குமா? படகை வைத்து மீனவரை எண்ணும் எந்தப் பட்டியலிலும் அவர்கள் எளிதில் சிக்கமாட்டார்கள். உங்கள் வெளிநோயாளர் சீட்டுதான் அவர்களின் தொழிலுக்கு இருக்கும் எழுத்துச் சாட்சியாகக்கூட ஆகலாம்.

அடுத்தது உடைந்த முள். அரப்பல் உள்ளதால் இழுக்கும்போது நுனி உள்ளேயே ஒடிந்துவிடும். மேலே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். துடைத்து, தையல் போட்டு, கட்டுக்கட்டி அனுப்பிவிடத் தோன்றும். தயவுசெய்து ஒரு எக்ஸ்ரே. இது எலும்பு முள், பெரும்பாலும் படத்தில் தெரியும். இந்த மாதிரி ஆழமான குத்துக்காயத்தை உடனே தைத்து மூடக் கூடாது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டெட்டனஸ் ஊசியும் அப்படியே.

கிருமியைப் பற்றிச் சொல்லத் தேவை இருக்கிறது. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. அதில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது, கல்லீரல் கெட்டவருக்கும் சர்க்கரை முற்றியவருக்கும் ஒரே நாளில் சதையை அழுகவைத்து உயிருக்கே உலைவைக்கக் கூடியது. நன்னீர்ப் பக்கம் ஏரோமோனாஸ். எங்கள் ஊரில் குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் பஞ்சமில்லை, சர்க்கரைக்கும் பஞ்சமில்லை. மீன் ஆய்ந்து கொடுத்துப் பிழைக்கும் ஒரு அக்கா, சர்க்கரைக்காரர், கட்டை விரலில் குத்து வாங்கி, என்னிடம் வலி மாத்திரை மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். "வியாபாரம் முடிச்சிட்டுப் போறேன் தம்பி" என்றார். மூன்றாம் நாள் கை முழங்கை வரை வீங்கி, தஞ்சாவூர் வரை கொண்டுபோய், விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வழக்கமான அமாக்சிசிலினை எழுதிக் கொடுத்திருந்தாலும் போதாது. இத்தகைய காயத்துக்கு டாக்சிசைக்ளினும் அதோடு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினும் என்று போகிறது மருத்துவ வழிகாட்டுதல். எதைக் கொடுப்பது என்பது உங்கள் முடிவு. காயம் உப்புத்தண்ணீரில் பட்டதா நல்லதண்ணீரில் பட்டதா என்ற ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள். இதெல்லாம் ஆறி மாதம் ஆன பிறகு, கையில் வரிசையாக முடிச்சு முடிச்சாக எழும்பி, எந்த மருந்துக்கும் அடங்காமல் வருபவர் இருந்தால், மீன் தொழிலாளிகளுக்கு வரும் ஒருவகை மைக்கோபாக்டீரியத் தொற்றையும் நினைத்துப் பாருங்கள். தோல் மருத்துவரிடம் போகும் வரை அவர் என் கடையில் களிம்பு களிம்பாக வாங்கிப் பூசிக்கொண்டிருப்பார். நானும் விற்றுக்கொண்டிருப்பேன். இந்த மடலால் என் வியாபாரம் கொஞ்சம் படுக்கும் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக, பதிவேடு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. மிக நல்ல காரியம். எத்தனை பேர், எங்கே, எப்போது என்று தெரிந்தால்தானே மருந்தை எங்கே வைப்பது என்று தெரியும். மீன் முள் குத்தை அந்த அளவுக்கு உயர்த்தச் சொல்லவில்லை. உயிர்ப்பலி அவ்வளவு இல்லை. வெளிநோயாளர் சீட்டிலும் பதிவேட்டிலும் "காயம்" என்று எழுதும் இடத்தில் "மீன் முள் குத்து, கெளுத்தி" அல்லது "திருக்கை" என்று எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். மூன்று வார்த்தை கூடுதல். ஒரு வருடம் எழுதினால் எந்த மாதம் அதிகம், எந்தத் தொழிலில் அதிகம், கையா காலா என்பது தானாகத் தெரியும். இன்று யாரிடமாவது அந்தக் கணக்கு கேட்டால் என்னைப் போன்றவனின் வாய்மொழிதான் கிடைக்கும்.

இதில் பணமும் இருக்கிறது. பிரதமர் மீன்வளத் திட்டத்தின் கீழ் உள்ள மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தில் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 வரை என்று வைத்திருக்கிறார்கள். விரல் போனவர் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது, முதல் நாள் சீட்டில் வெறும் "காயம்" என்று இருந்தால் அது தொழிலில் பட்டது என்று எதை வைத்து நிறுவுவார்? மீன் ஆய்கிற அக்காவும் கூடையைக் கடித்து இறால் தடவுகிற பெண்ணும் அந்தக் காப்பீட்டுக்குள் வருவார்களா என்பது இன்னொரு சண்டை, அதை மீன்வளத் துறையோடு தனியாகப் போட்டுக்கொள்கிறோம். அதற்கும் உங்கள் கையெழுத்துள்ள சீட்டு வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு நிற்கும். வயிறு நிற்காது. கடலுக்குப் போக முடியாதவர்களில் ஒரு பகுதி வீச்சுவலையோடும் தூண்டிலோடும் உப்பனாற்றிலும் லகூனிலும் இறங்குகிறது. கடலில் மீன் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சேற்றின் சூட்சுமம் குறைவு. காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நகர வேண்டும் என்பது லகூன்காரர்களுக்குப் பழக்கம். திருக்கையும் கெளுத்தியும் உரசலைக் கேட்டு விலகிப்போகும். வலையில் சிக்கியதை வெறுங்கையால் உருவக் கூடாது, குறடால் மூன்று முள்ளையும் ஒடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒடித்த முள் ஒரு டப்பாவுக்குள் போக வேண்டும், மணலில் இல்லை. தடைக்காலம் தொடங்கும் முன் உங்கள் சுகாதார ஆய்வாளரோ செவிலியரோ மீன் இறங்குதளத்துக்கு ஒரு காலை வந்து இதைப் பேசினால், நான் பத்து வருடம் கல்லாவில் உட்கார்ந்து சொல்வதைவிட எடுபடும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்கள் ஏற்கெனவே வீடுவீடாகப் போகிறார்கள். யார் வீட்டில் சர்க்கரையும் மீன் தொழிலும் சேர்ந்து இருக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். முதலில் எச்சரிக்க வேண்டிய வீடுகள் அவைதான்.

மீனின் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், நாளை யாராவது "கெளுத்தி ஒழிப்பு" என்று கிளம்பிவிடக் கூடாது. இந்த அலையாத்திக் காட்டுச் சேற்றில் அதற்கும் வேலை இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது. அதோடு இது நல்ல விலை போகும் மீனும்கூட.

உங்களிடம் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு இல்லை. அவசர சிகிச்சை அறையில் வாளி, கெட்டில், தெர்மாமீட்டர். சுவரில் நோய்களுக்கான அட்டைகள் மாட்டியிருக்கும் இடத்தில் இதற்கும் ஓர் அட்டை. இரவுப் பணிச் செவிலியருக்கும் அது தெரிந்திருப்பது. நீங்கள் மாற்றலாகிப் போகும்போது அடுத்து வருபவரிடம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போவது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் மாறும் ஊர் இது, அதனால்தான் சொல்கிறேன்.

டீக்கடைகளுக்கான அறிவிப்பை நானே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். "குத்திய இடத்தைக் கட்டாதே, கீறாதே, ஒரு மக் கொதிநீர், நான்கு மக் பச்சைத்தண்ணீர், நல்ல கையால் சூடு பார், ஊறவைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, எது குத்தியது என்று தெரியாவிட்டால் உடனே 108." உங்களில் ஒருவர் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிரின்ட் செலவு என்னுடையது. டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஒட்டினால் மருந்துக்கடைக்காரன் விளம்பரம் என்று மறுநாளே கிழித்துவிடுவார்கள். தண்ணீர்ச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் சில வாங்கி என் கடையில் வைத்திருக்கிறேன். எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் ஆளனுப்புங்கள், பில் கிடையாது.

இப்படிக்கு,
முத்துப்பேட்டை வட்டாரத்து மருந்துக்கடைக்காரன் ஒருவன்